பதற்ற மாத்திரை எடுத்தால் கையும் கவனமும் ஏன் பிசகுகின்றன?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக இங்கே எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். கோவையில் லேத் பட்டறையில் வேலை, வயது 34, தினமும் பைக்கில் போய்வருகிறீர்கள். திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிரே போய்விடும் என்ற பயம் அடிக்கடி வந்ததால் மனநல மருத்துவரைப் பார்த்தீர்கள். எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., குளோனாசெபாம் 0.5 மி.கி. இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, இரவு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் ஆகிறது. பயம் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் வெர்னியர் அளவுகோலில் படித்த அளவு, டூல் பக்கம் திரும்புவதற்குள் மறந்துபோகிறது. மாடிப்படியில் ஒருமுறை கால் இடறியது. பின்னால் உட்கார்ந்து வந்த மனைவி, "வண்டி ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போகிறது" என்கிறார். உங்களுக்கோ எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றுகிறது. இது மாத்திரையின் வேலையா, நோயின் வேலையா, வண்டி ஓட்டலாமா, மாத்திரையை நிறுத்திவிடலாமா, இந்த மறதி நிரந்தரமாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. மருந்தை மாற்றுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் அவரிடம் போவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பெரும்பாலும் அந்த மாத்திரையில் இருக்கும் குளோனாசெபாமால் வருபவை. மருத்துவரைப் பார்க்கும் வரை பஸ்ஸில் போங்கள், அல்லது யாராவது ஓட்ட நீங்கள் பின்னால் உட்காருங்கள். மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது என்பதைவிட உங்கள் மனைவி பார்த்துச் சொன்னதை நம்புங்கள். ஏன் அப்படி என்பதுதான் இந்தப் பதிலின் முக்கியமான பகுதி. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் அங்கே போக வேண்டும்.

குளோனாசெபாம், அல்பிரசோலம், லோராசெபாம், டயசெபாம் எல்லாம் பென்சோடயசெபைன் என்ற ஒரே குடும்பம். இதில் முதலாவது 1960இல் லிப்ரியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ரோஷ் கம்பெனியில் வேலை பார்த்த லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. மூன்று வருடம் கழித்து வேலியம், அதாவது டயசெபாம். அதற்கு முன்பு தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் பெரும்பாலும் பார்பிட்யூரேட்டுகள்தான் இருந்தன. அளவு கொஞ்சம் கூடினாலும் மூச்சு நின்றுவிடும். அவற்றோடு ஒப்பிட்டால் இவை மிகவும் பாதுகாப்பானவை என்பதால்தான் உலகம் முழுக்கப் பரவின. இன்றைக்கும் இவை நல்ல மருந்துகளே. வலிப்பை நிறுத்த, மது நிறுத்தும்போது வரும் நடுக்கத்துக்கு, தாங்க முடியாத பதற்றத்துக்கு இவற்றைப்போல அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலை செய்கிற மருந்து வேறு அதிகம் இல்லை.

இவை என்ன செய்கின்றன? மூளையில் காபா என்ற ஒரு ரசாயனம் இருக்கிறது. நரம்பணுக்களை அமைதிப்படுத்துவது அதன் வேலை. காபா போய் ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே இந்த மாத்திரைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால், குளோரைடு அயனிகள் உள்ளே போகும் வாசல் இன்னும் அடிக்கடி திறக்கும். நரம்பணு எளிதில் தூண்டப்படாமல் அடங்கிப்போகும். பயத்தைக் கிளப்பும் அமிக்டலா பகுதியில் இது நடந்தால் நமக்கு நல்லது. சிக்கல் என்னவென்றால், காபா மூளை முழுக்க இருக்கிறது. தெருவில் ஒரே ஒரு வீட்டு விளக்கின் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று டிரான்ஸ்பார்மரிலேயே வோல்டேஜைக் குறைத்தால் என்ன ஆகும்? அந்த விளக்கும் மங்கும், மற்ற வீடுகளில் மோட்டாரும் மெதுவாகச் சுற்றும். பயத்தை மட்டும் தொட்டு மற்றதை விட்டுவிடும் மருந்து சாத்தியமா என்று பல வருடங்களாகத் தேடுகிறார்கள். 1999இல் சூரிச்சில் எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி, காபா ஒட்டும் இடங்களான ஏற்பிகளில், தூக்கக் கலக்கமும் மறதியும் ஒரு வகையாலும், பயம் குறைவது வேறு வகையாலும் வருகின்றன என்று காட்டியது. ஆனால் அதை வைத்து நாம் அன்றாடம் பயன்படுத்துகிற மாத்திரை ஒன்று இன்னும் வரவில்லை.

இனி கை கால் விஷயம். தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே சிறுமூளை இருக்கிறது. அளவில் சிறியது, ஆனால் மூளையின் நரம்பணுக்களில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கின்றன. கையை எவ்வளவு வேகமாக நீட்டுவது, எங்கே நிறுத்துவது, ஒரு கால் தூக்கும்போது உடம்பு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதையெல்லாம் நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருப்பது அதன் வேலை. அதிலிருந்து வெளியே போகும் செய்திகளை அனுப்பும் பர்க்கின்ஜி அணுக்கள் காபாவை வைத்துத்தான் பேசுகின்றன. ஆகவே இந்த மாத்திரைகள் அங்கே தாராளமாக வேலை செய்யும். அளவு கூடும்போது நடை அகலமாகும், பேச்சு குழறும், ஒரு பொருளை எடுக்கப் போகும் கை சற்றுத் தாண்டிப் போய் நிற்கும். உங்கள் அளவில் அவ்வளவு தெரியாது. மாடிப்படியில் கால் அரை அங்குலம் குறைவாகத் தூக்கப்படும், அவ்வளவுதான். இடறுவதற்கு அது போதும்.

கண்ணும் இதில் சேர்த்தி. நாம் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்தைப் பார்க்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, ஒரே தாவலாகத் தாவும். இந்தத் தாவலின் வேகம் பென்சோடயசெபைன் எடுத்தால் குறைகிறது. மருந்தின் அளவு கூடக் கூட வேகமும் அதற்கேற்பக் குறைவதால், ஆராய்ச்சியாளர்கள் மருந்தின் பாதிப்பை அளக்கும் கருவியாகவே கண்ணின் தாவலைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் வேலையை நினைத்துப் பாருங்கள். டிராயிங்கில் ஒரு பார்வை, கடையும் ஜாபில் ஒரு பார்வை, டயலில் ஒரு பார்வை. ரோட்டில் கண்ணாடி, எதிரே வரும் பஸ், வலது பக்கம் திரும்பும் ஆட்டோ. கண் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்கிறது.

கவனத்தைப் பற்றிச் சொல்லும்போது எல்லாரும் தூக்கக் கலக்கத்தைத்தான் நினைக்கிறார்கள். கொட்டாவி வரவில்லை, ஆகவே பாதிப்பு இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இது தவறான அளவுகோல். மருந்தின் பாதிப்பைப் பார்க்க ஆய்வுகளில் ஒரு எளிய தாள் சோதனை வைப்பார்கள். மேலே ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே ஒரு சின்னக் குறி. அடியில் எண்கள் மட்டும் கலந்து வரிசையாக இருக்கும். ஒன்றரை நிமிடத்துக்குள் எத்தனை எண்ணுக்குச் சரியான குறியைப் போடுகிறீர்கள் என்று எண்ணுவார்கள். மருந்து எடுக்காதவர் போகப் போகச் சில குறிகளை மனதில் ஏற்றிக்கொள்வார். பிறகு அவற்றை மேலே பார்க்காமலே எழுதிக்கொண்டு போவார். பென்சோடயசெபைன் எடுத்தவர் ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவார். பார்த்துவிட்டுக் கீழே வருவதற்குள் சில நேரம் மறந்துபோய் மறுபடி மேலே போவார். கண் விழித்திருக்கும், ஆள் தெளிவாகப் பேசுவார், ஆனால் எண்ணிக்கை குறையும். நீங்கள் எழுதிய வெர்னியர் பிரச்சினை இதேதான்.

புதிதாகப் பார்ப்பது நினைவில் ஏறாமல் போவது இந்த மருந்துக் குடும்பத்தின் தனிக் குணம். எண்டோஸ்கோபி செய்துகொண்ட யாரையாவது கேட்டுப்பாருங்கள். மிடசோலம் ஊசி போட்டிருப்பார்கள். "வாயைத் திறங்கள், விழுங்குங்கள்" என்றால் அதன்படி செய்திருப்பார், கேள்விக்குப் பதில்கூடச் சொல்லியிருப்பார். வெளியே வந்ததும் எதுவும் ஞாபகம் இருக்காது. அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லி அனுப்புவது அதனால்தான். மாத்திரையில் அதே விஷயம் மிக மெல்லிய அளவில் நடக்கிறது.

வண்டி ஓட்டுவது பற்றி ஊகமாகச் சொல்ல வேண்டியதில்லை, சாலையிலேயே அளந்திருக்கிறார்கள். 1980களில் நெதர்லாந்தில் ஜேம்ஸ் ஓ'ஹான்லனும் அவர் கூட்டாளிகளும் ஒரு சோதனை முறையைக் கொண்டுவந்தார்கள். நிஜ நெடுஞ்சாலை, நிஜப் போக்குவரத்து. காரில் ஒரு கேமரா, சாலையில் வரைந்த கோட்டுக்கும் காருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று தொடர்ந்து பதிவு செய்யும். பக்கத்தில் தனி பிரேக்கோடு ஒரு பயிற்றுநர். ஓட்டுபவர் மணிக்கு 95 கி.மீ. வேகத்தில் சுமார் 100 கி.மீ. தூரம் நேராக, ஒரே லேனில் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். யாரும் ஒரே நேர்கோட்டில் ஓட்டுவதில்லை. கார் இடமும் வலமுமாகக் கொஞ்சம் அசையத்தான் செய்யும். அந்த அசைவு எவ்வளவு கூடுகிறது என்பதே கணக்கு. ரத்தத்தில் 100 மி.லி.க்கு 50 மி.கி. மது இருக்கும்போது அது சுமார் 2.4 செ.மீ. கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். டயசெபாம், லோராசெபாம், அல்பிரசோலம் எல்லாம் வழக்கமான அளவிலேயே இந்த அளவைத் தொட்டு, பல நேரம் தாண்டியும் போயிருக்கின்றன. நம் ஊர்ச் சட்டத்தில் மதுவுக்கு வரம்பு 100 மி.லி.க்கு 30 மி.கி. என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இரண்டரை சென்டிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அது சராசரி அசைவு கூடுகிற கணக்கு. எப்போதாவது வருகிற பெரிய விலகல்கள் இதைவிட நிறையக் கூடும். மேலும் அது நான்கு சக்கரம், அகலமான லேன். நீங்கள் போவது பைக்கில், ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் பெயர்ந்த தார் ஓரம். இரண்டு சக்கரத்தில் சமநிலையையும் நீங்களே பிடித்தாக வேண்டும், அதுவும் சிக்னலுக்கு முன்னால் மெதுவாக ஊர்ந்து போகும்போதுதான் மிக அதிகமாக. அப்புறம் பிரேக். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் போகிறது. கை பிரேக்கைப் பிடிக்க நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதமானாலும் இரண்டு மீட்டருக்கு மேல் கூடுதலாகப் போய்தான் பிரேக்கே பிடிக்கத் தொடங்கும்.

சரி, இப்போது நான் முக்கியம் என்று சொன்ன இடம். இவ்வளவு நடந்தும் உங்களுக்கு ஏன் எதுவும் தெரியவில்லை?

நாம் ஒரு வேலையில் தவறு செய்தால், நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், நாம் உணர்வதற்கும் முன்னாலேயே, மூளையின் முன்பக்க நடுப்பகுதியில் ஒரு மின் அலை எழுகிறது. தலையில் மின்முனைகள் ஒட்டி அதைப் பதிவு செய்யலாம். 'ஏதோ தப்பாகிவிட்டது' என்ற எச்சரிக்கை அது. அதற்குப் பிறகுதான் நாம் உஷாராகி, அடுத்த முறை கொஞ்சம் மெதுவாகச் செய்கிறோம். பதற்றம் உள்ளவர்களுக்கு இந்த அலை பொதுவாகப் பெரியதாக இருக்கிறது. சின்னத் தவறுக்கும் மனம் துடிக்கும். லோராசெபாம் கொடுத்துப் பார்த்தபோது இந்த அலை குறைந்தது. அதாவது எந்த மருந்து தவறுகளைக் கூட்டுகிறதோ, அதே மருந்து தவறு நடந்தது என்ற எச்சரிக்கையையும் அடக்குகிறது. பயத்தை ஆற்றுவதும் அந்த எச்சரிக்கையை ஆற்றுவதும் மருந்துக்கு ஏறக்குறைய ஒரே வேலைதான்.

இதனால்தான் "எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது" என்ற உணர்வை இந்த மாத்திரைகள் விஷயத்தில் ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன். நன்றாக இருப்பதாக உணரவைப்பதற்குத்தான் அந்த மாத்திரையே. ஆய்வுகளிலும் ஓட்டியவர்களைக் கேட்டால் தங்கள் பாதிப்பைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஆகவே உங்கள் நிலைமையைப் பக்கத்தில் இருப்பவரின் கண்ணாலும், கடிகாரத்தாலும், செய்த வேலையின் அளவாலும் பாருங்கள். ரிஜெக்ட் ஆன ஜாப் எத்தனை, அளவை எத்தனை முறை மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது, மனைவி என்ன சொல்கிறார் என்பவை நம்பத்தக்க சாட்சிகள்.

பட்டறையில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது ஒரு சின்ன விஷயம்: சக் கீ, அதாவது ஜாபைப் பிடித்துச் சுழலும் சக்கை இறுக்கும் சாவி. ஜாபை இறுக்கிவிட்டு, சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டால் அது கல் எறிந்தமாதிரி பறந்து வரும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இத்தனை வருடமும் கை தானாகவே அதை எடுத்து வைத்திருக்கும். பழகிய வேலையின் நடுவே யாராவது கூப்பிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரும்போதுதான் இது தவறும். நடுவில் அறுந்த வேலையை மறுபடி பிடிப்பதற்கு எந்த நினைவு வேண்டுமோ, அதைத்தான் இந்த மாத்திரை தொடுகிறது. மருத்துவரைப் பார்க்கும் வரை மேஸ்திரியிடம் சொல்லி இன்ஸ்பெக்ஷன், பேக்கிங் மாதிரி சுற்றும் இயந்திரம் இல்லாத வேலை கேளுங்கள். காரணம் முழுவதும் சொல்ல மனமில்லை என்றால், "மருந்து எடுக்கிறேன், தலை சுற்றுகிறது" என்றாலே போதும்.

"இரவில்தானே போடுகிறேன், காலைக்குள் இறங்கிவிடாதா?" இந்தக் கேள்வியை மருந்துக் கவுன்டரில் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அது மாத்திரையைப் பொறுத்தது. ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். அல்பிரசோலத்துக்கு அது சுமார் 11 மணி நேரம், லோராசெபாமுக்கு 12ஐ ஒட்டி, குளோனாசெபாமுக்கு 30 முதல் 40 மணி நேரம். டயசெபாமுக்கு அது ஆளுக்கு ஆள் நிறைய மாறும்; அது உடைந்து உருவாகும் பொருளும் மருந்தாகவே வேலை செய்வதால் நாள்கணக்கில் தங்கும். நீங்கள் இரவு பத்துக்கு மாத்திரை போட்டுக் காலை எட்டுக்கு வண்டியை எடுத்தால், இரவு உச்சத்தில் இருந்த குளோனாசெபாமில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் ரத்தத்தில் இருக்கிறது. முதல் நாள் போட்டது முழுதாக வெளியேறும் முன்பே அடுத்த நாளுடையது வந்து சேர்வதால், ஒரு வாரம் பத்து நாளில் ரத்தத்தில் அளவு முதல் நாளைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கில் போய் நிற்கும். முதல் இரவு பெரிதாக ஒன்றும் தெரியாமல், இரண்டாம் வாரத்தில் தடுமாற்றம் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

உடம்பு பழகிக்கொள்ளாதா என்றால், ஓரளவு பழகும். தூக்கக் கலக்கம் பெரும்பாலோருக்குச் சில நாட்களில், சில வாரங்களில் குறைந்துவிடும். ஆனால் நினைவாற்றல் மீதான பாதிப்பு அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. கலக்கம் போய்விட்டதால் எல்லாம் போய்விட்டது என்று நினைத்து வண்டியை எடுப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

மாத்திரையில் உள்ள இன்னொரு மருந்து எஸ்சிட்டலோபிராம். இது வேறு வகை. முதல் ஒன்றிரண்டு வாரத்தில் குமட்டல், தலைபாரம், சிலருக்குத் தூக்கம் இருக்கலாம். பிறகு கை கால் ஒத்திசைவையோ வண்டி ஓட்டுவதையோ பெரிதாகப் பாதிப்பதில்லை. பதற்ற நோய்க்கு நீண்டகால மருந்து இதுதான். ஆனால் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம், சில நேரம் அதற்கு மேலும் எடுக்கும். அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் மருத்துவர்கள் குளோனாசெபாமைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பிரிட்டனில் 1988இலேயே பென்சோடயசெபைன்களை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் நீட்டாதீர்கள் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தினார்கள்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இரண்டையும் ஒரே மாத்திரையாக அடைத்து விற்பது நம் நாட்டில் சாதாரணம். பெட்டியில் பெயருக்குப் பின்னால் 'பிளஸ்' என்று இருக்கும், சில நேரம் வேறு ஒட்டு இருக்கும். ஒரு மாத்திரை போதும் என்பது வசதிதான். ஆனால் நான்காவது வாரத்தில் குளோனாசெபாமை மட்டும் குறைக்க வேண்டும், எஸ்சிட்டலோபிராமைத் தொடர வேண்டும் என்றால் இந்த மாத்திரையில் வழியே இல்லை. பாதியாக உடைத்தால் இரண்டும் பாதியாகும். அதனால் என்ன நடக்கிறது? மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அதே சீட்டைக் காட்டி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். தற்காலிகமாகச் சேர்த்த மருந்து நிரந்தரமாகிவிடுகிறது. அடுத்த முறை போகும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "டாக்டர், இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுத முடியுமா? குளோனாசெபாமை எப்போதிலிருந்து, எப்படிக் குறைக்கலாம்?" குளோனாசெபாம் 0.25 மி.கி. அளவில் தனியாகக் கிடைக்கிறது.

குறைப்பது படிப்படியாகத்தான் இருக்க வேண்டும். சில வாரங்களே எடுத்திருந்தாலும் சட்டென்று நிறுத்தினால் பழைய பதற்றம் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பலாம், தூக்கம் போகலாம், நடுக்கம் வரலாம். நீண்ட நாள் அல்லது அதிக அளவு எடுத்தவர்களுக்கு வலிப்பே வரலாம். நிறுத்திய சில நாளில் பதற்றம் பொங்குவதைப் பார்த்து, 'மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது' என்று முடிவுகட்டி ஆயுசுக்கும் தொடர்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் நோய் திரும்பியதால் வருவதில்லை. மருந்து வேகமாக வெளியேறியதால் வருவது.

நோயே கவனத்தைக் கெடுக்காதா என்றும் கேட்டிருந்தீர்கள். கெடுக்கும். பயத்தில் இருக்கும் மனம் நெஞ்சுத் துடிப்பையும் மூச்சையும் கண்காணிப்பதிலேயே பாதிக் கவனத்தைச் செலவழித்துவிடும். வண்டி ஓட்டும்போதே படபடப்பு வந்து ஓரமாக நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே மருந்தே வேண்டாம் என்பதும் பாதுகாப்பான முடிவில்லை. பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பதற்றத்தால் வரும் கவனக்குறைவு பயம் ஏறும்போது கூடும், பயம் அடங்கினால் குறையும். அது இருப்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும். மருந்தால் வருவது பயம் இல்லாத நேரத்திலும் இருக்கும், மாத்திரை போட்ட பிறகான சில மணி நேரத்திலும் காலையிலும் கூடுதலாக இருக்கும், உங்களைவிடப் பக்கத்தில் இருப்பவருக்கு முதலில் தெரியும். நீங்கள் எழுதியது இரண்டாவதோடு பொருந்துகிறது.

மற்ற மருந்துகள் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் மருத்துவர் மாற்றிக் கொடுக்கலாம். பிரப்ரனலால் படபடப்பையும் கைநடுக்கத்தையும் குறைக்கும், மூளையை இந்த மாதிரி மந்தப்படுத்தாது. கை எவ்வளவு நிதானமாகும் என்றால், துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் அது தடை செய்யப்பட்ட மருந்து. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியத் துப்பாக்கி வீரர் கிம் ஜோங் சு இதனால்தான் இரண்டு பதக்கங்களை இழந்தார். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது, சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை இறங்குவதன் அறிகுறியை மறைத்துவிடும். இதையும் பென்சோடயசெபைனோடு சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கிறார்கள் என்பதால் பெட்டியில் உள்ள மருந்துப் பெயர்களைப் படியுங்கள். பஸ்பிரோன் கை கால் ஒத்திசைவைப் பெரும்பாலும் தொடுவதில்லை, பலன் தெரிய வாரங்கள் ஆகும். பிரீகாபலின் தலைசுற்றலும் தள்ளாட்டமும் தரும். ஹைட்ராக்சிசின் அலர்ஜி மருந்து வகை, தூக்கம் வரும்.

இன்னொன்றோடு சேரும்போதுதான் விஷயம் மோசமாகிறது. மது முதலில். ஒரு பெக்கும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் பாதிப்பு இரண்டையும் கூட்டிய அளவைவிடப் பெரிதாகலாம், மூச்சே மந்தமாகலாம். பிரெத் அனலைசர் மாத்திரையைக் காட்டாது என்பதால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, மருந்தின் பிடியில் வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் ஓட்டுவதையும் மது போலவே குற்றமாக வைத்திருக்கிறது. அடுத்து, கோடீன் கலந்த இருமல் சிரப், டிரமடால் வலி மாத்திரை. அப்புறம் சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை. அதில் இருக்கும் குளோர்ஃபெனிரமைனும் தூக்கத்தைத் தரும். யாரும் எதிர்பார்க்காத ஒன்று படர்தாமரை மருந்து. இப்போது தோல் மருத்துவர்கள் நிறையப் பேருக்கு எழுதும் இட்ராகொனசோல், கல்லீரலில் இந்த மாத்திரைகளை உடைக்கும் நொதியைத் தடுத்துவிடும். அல்பிரசோலத்தோடு அதைச் சேர்க்கவே கூடாது. குளோனாசெபாமிலும் எச்சரிக்கை வேண்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரையின் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

வீட்டில் அப்பா அம்மா இருந்தால் அவர்களுக்காக ஒரு சேதி. உங்கள் மாத்திரையைத் தூக்கம் வரவில்லை என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒருநாளும் கொடுக்காதீர்கள். வயதானால் கல்லீரல் மெதுவாக வேலை செய்யும். டயசெபாமின் அரை ஆயுள் இருபது வயதில் சுமார் இருபது மணி நேரம், எண்பது வயதில் சுமார் தொண்ணூறு. இரவு இரண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்து, தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களின் மருந்துப் பட்டியலில் இந்தக் குடும்பம் அடிக்கடி இருக்கும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பியர்ஸ் பட்டியலில், முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டியவை வரிசையில் பென்சோடயசெபைன்கள் இருக்கின்றன.

மருத்துவரிடம் "ஒரு மாதிரி இருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாலு நாளைக்கு ஒரு தாளில் எழுதுங்கள்: மாத்திரை போட்ட நேரம், எழுந்த நேரம், தடுமாற்றம் எப்போது, என்ன செய்யும்போது. லேத்தில் வேலை, பைக்கில் பயணம் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தையும் அளவையும் தேர்ந்தெடுப்பதில் அது பெரிய தகவல், ஆனால் அவசரத்தில் பல நேரம் யாரும் கேட்பதில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் பார்த்ததை அவரே சொல்லட்டும். குளோனாசெபாம் குறைந்து, அவர் கண்ணுக்கும் சரியாகத் தெரிந்த பிறகு, மருத்துவர் சரி என்றால் முதலில் போக்குவரத்து இல்லாத நேரத்தில், பின்னால் யாரையும் ஏற்றாமல் ஓட்டத் தொடங்குங்கள். பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, எழுப்பினாலும் சரியாக எழ முடியாமல் போனாலோ மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியாக, இந்த மறதி நிரந்தரமாகிவிடுமோ என்று பயந்திருந்தீர்கள். பல வருடம் விடாமல் எடுத்தவர்களை ஆராய்ந்தபோது, நிறுத்திய பிறகு கவனமும் நினைவும் மெல்ல மேம்பட்டாலும் சிலவற்றில் குறை மாதக்கணக்கில் நீடித்தது தெரிந்திருக்கிறது. நீங்கள் எடுத்திருப்பது மூன்று வாரம், குறைந்த அளவு. முறையாகக் குறைத்து நிறுத்தினால் வெர்னியர் அளவு பழையபடி மனதில் நிற்கும்.